இடுப்பில் மூன்று மில்லி

புரட்டாசி பிறந்துவிட்டால் ஆந்திராவில் பாகாலாப் பக்கத்து ஆடுகளுக்கெல்லாம் ஆயுசு ஒரு மாசம் கூடும். ஊர் மொத்தமும் கறியை விட்டுவிட்டு, நெற்றியில் நாமத்தைப் போட்டுக்கொண்டு கோவிந்தா சொல்லக் கிளம்பிவிடும். ஆட்டு வியாபாரி சிரஞ்சீவிக்கு அந்த ஒரு மாசமும் ஈ ஓட்டுகிற வேலைதான். இந்த வருஷம் அந்தக் கொடுமை இல்லை. சர்க்கார் பட்டா கொடுத்த ஒரு ஏக்கர் செம்மண்ணில் மல்லாட்டை காய்த்துத் தள்ளியிருந்தது. வேர்க்கடலையைத்தான் அந்த ஊரில் மல்லாட்டை என்பார்கள். விடிந்ததும் கொல்லைக்குப் போய்ச் செடியைப் பிடுங்கி, கட்டுக் கட்டாகத் தலையில் சுமந்து வந்து வாசலில் கொட்டுவான். தூறல் விட்டபாடில்லை. அதனால் நீலத் தார்ப்பாய் ஒன்றை இழுத்துக் கட்டி, அதன் கீழே தெருப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஆய்ந்ததில் பாதி கூடைக்குப் போனது, மீதி வாய்க்குப் போனது. பச்சை மல்லாட்டையை முன்னால் போட்டுக்கொண்டு வாயைக் கட்டி உட்கார யாரால் முடியும்? அதை ஒருத்தரும் தப்பென்று சொல்வதில்லை.

அந்த வட்டத்தைச் சுற்றித்தான் சிரஞ்சீவியின் பெண்சாதி சுமித்ரா, கோழி பிடிக்கிறவள் மாதிரி பதுங்கிப் பதுங்கி நடந்துகொண்டிருந்தாள். கையில் வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒரு கிடுக்கி.

“பத்மினிக்கா, ஒரு ரெண்டு நிமிசம் உள்ள வந்துட்டுப் போயேன்.”

“இன்னாத்துக்குடி?”

“அளக்கணும்.”

“ஜாக்கெட்டு தெச்சிக் குடுக்கப் போறியா?”

“இல்லக்கா. கொழுப்பு அளக்கணும்.”

“எங் கொழுப்பு எவ்ளோன்னு எங் ஊட்டுக்காரனக் கேளு. தெனமும் சொல்லிக்கினுதான் கீறான்.”

வட்டம் மொத்தமும் சிரித்தது. சுமித்ராவும் சிரித்தாள், ஆனால் கிடுக்கியைக் கீழே வைக்கவில்லை. பத்துப் பேரை அளந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறே நாள்தான் இருந்தது.

விஷயம் இதுதான். சுமித்ரா எட்டு வருஷம் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் சீசனுக்குச் சீசன் பழம் கழுவினவள். மாம்பால் பட்டுப் பட்டு உள்ளங்கை தோல் உரிந்து கிடக்கும். இந்த வருஷம் பழம் கழுவ மெஷின் வந்துவிட்டது, அவளைக் கூப்பிடவில்லை. சித்தூரில் பெண்களுக்கென்று ஒரு ஜிம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, காலை பஸ் பிடித்துப் போய், பெருக்கித் துடைக்கிற வேலையில் சேர்ந்தாள். ஐந்து மாசமாகத் துடைக்கிறாள். துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சரம்மாக்களும் பேங்க் அம்மாக்களும் மாசம் ஒரு தரம் திரைக்குப் பின்னால் போவார்கள். ரோஹிணி என்கிற பெண் அவர்களைக் கிடுக்கியால் கிள்ளி அளந்து எழுதுவாள். அதற்குக் காலிப்பர் என்று பேர். தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி, அந்த மடிப்பைக் காலிப்பரின் வாயில் கொடுத்தால் எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று காட்டும். கையின் பின்பக்கம், இடுப்பெலும்புக்கு மேலே, தொடையின் முன்பக்கம் என்று மூன்று இடம். மூன்றையும் கூட்டி ஓர் அட்டையில் பார்த்தால் உடம்பில் நூற்றுக்கு எத்தனை பங்கு கொழுப்பு என்று தெரிந்துவிடும்.

அந்த ரோஹிணி கல்யாணமாகி பெங்களூர் போய்விட்டாள். மறுநாளே சுமித்ரா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஜிம் நடத்துகிற லீனா மேடம் முன்னால் போய் நின்றாள்.

“மேடம், அந்த அளக்குற வேல எனக்குக் குடுங்க.”

லீனா மேடம் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபது வருஷம் பி.டி. டீச்சராக இருந்தவர். விசில் ஊதி ஊதிக் கனத்த குரல். அவர் சிரிக்கவில்லை.

“கை வருமா உனக்கு?”

“ஆட்டப் புடிச்ச கை மேடம். சந்தைக்கு எங் ஊட்டுக்காரரு கூட நானும் போவேன். முதுகுல கை வெச்சா கறி எவ்ளோ நிக்கும்னு சொல்லிடுவேன்.”

மேடம் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மேஜையிலிருந்து காலிப்பரை எடுத்துக் கொடுத்தார்.

“உங்க ஊர்ல பத்துப் பேர அளந்து எழுது. ஞாயித்துக்கெழம ஆராதன முடிச்சிட்டு நேரா அங்க வர்றேன். அதே பத்துப் பேர நானும் அளப்பேன். ரெண்டு மில்லிக்குள்ள ஒத்துப்போச்சின்னா வேல உனக்கு. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குவேன். அப்பறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது.”

சுமித்ராவுக்கு அந்த வேலை வேண்டும். அப்படியொரு ஆசை அவளுக்கு இதுவரை எதன்மேலும் வந்ததில்லை. வருஷம் பூராவும் இருக்கிற வேலை, உட்கார நாற்காலி இருக்கிற வேலை என்பதெல்லாம் ஒரு பக்கம். வருகிற ஒவ்வொருத்தருக்கும் தன் விரல் நுனியால் ஒரு உண்மையைச் சொல்கிற வேலை அது. அந்த நினைப்பே அவளுக்குக் கர்வமாக இருந்தது.

ஆனால் ஊர்ப் பெண்கள் கிட்டே நெருங்க விட்டால்தானே?

“இடுப்பப் புடிச்சிப் பாக்குறதுக்கு நான் இன்னா ஆடாடி?” என்றாள் ஒருத்தி.

செடிக் கட்டை இறக்கிய சிரஞ்சீவி சும்மா இருந்தானா? “நம்மூருல இடுப்புல கைய வெச்சா வெல சொல்லியாவணும், தெரியும் இல்ல?” என்றான்.

“உனுக்கு வேற பொழப்பு இல்ல, போடா அந்தாண்ட,” என்று எழுந்தாள் அங்கன்வாடியில் சமைக்கிற இந்திராணி. தெருவிலேயே பெரிய உடம்பு அவளுக்குத்தான், வாயும் அப்படித்தான். “நான் வரேண்டி சுமித்ரா. எங் கிட்ட எவ்ளோ கீதுன்னு இந்த ஊரு தெரிஞ்சிக்கட்டும்.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சுமித்ரா விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இந்திராணியின் இடுப்பெலும்பைத் தடவிக் கண்டுபிடித்து, அதற்கு மேலே கிள்ளித் தூக்கினாள். தசையை விட்டுவிட்டுக் கொழுப்பை மட்டும் பிரித்துத் தூக்குவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ரோஹிணிக்கு அது சில நாள் வரும், சில நாள் வராது. சுமித்ராவின் விரல் அதை வெகுநாளாக அறிந்திருந்தது. காலிப்பரின் வாயைக் கொடுத்தாள்.

“எவ்ளோடி?” இந்திராணி தானே குனிந்து எட்டிப் பார்த்தாள். “முப்பத்திரெண்டா! பாஸா பெயிலா?”

“இதுல பாஸு பெயிலு இல்லக்கா.”

இந்திராணி வெற்றிக்கொடி நாட்டினவளாக வெளியே போனாள். சுமித்ரா நோட்டைத் திறந்தாள். எழுதப்போனவள் கை நின்றது. இந்திராணி காலையிலிருந்து ஒரு படி மல்லாட்டையாவது உள்ளே தள்ளியிருப்பாள், மேலே ரெண்டு சொம்புத் தண்ணீர். சந்தையில் விற்கிறவன் விடிகாலையில் ஆட்டுக்கு உப்புப் போட்ட தவிடும் தண்ணீரும் வயிறு முட்டக் காட்டித்தான் ஓட்டி வருவான். வாங்குகிறவன் வயிற்றைத் தடவிப் பார்த்து, அந்தத் தண்ணீருக்கு இவ்வளவு என்று எடையில் தள்ளிவிடுவான். தள்ளுவதற்குத் தருகு என்று பேர். தருகு எடுக்காதவனைச் சந்தையில் ஏமாளி என்பார்கள். மேடத்துக்குத் தப்பான கணக்குப் போகக் கூடாது என்று சுமித்ரா நினைத்தாள். கையும் தொடையும் அப்படியே இருக்கட்டும், தீனி போவது வயிற்றுக்குத்தானே? இடுப்புக்கு மட்டும் மூன்று தள்ளி இருபத்தொன்பது என்று எழுதினாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தருகு எடுப்பதை யாராவது தண்டோரா போடுவார்களா?

வெளியே இந்திராணி செய்த பிரசங்கத்தில் நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. “முப்பத்திரெண்டுடி எனக்கு! உங்கள்ல எவளுக்காச்சும் வருமா?” அவ்வளவுதான். அதுவரை ஓடினவர்களெல்லாம் தானாகவே கதவைத் தட்டினார்கள். வெள்ளிக்கிழமைக்குள் எட்டுப் பேர் முடிந்தார்கள். எட்டுப் பேரும் மல்லாட்டை தின்ற வயிறு, எட்டுப் பேருக்கும் இடுப்பில் மூன்று தருகு.

சனிக்கிழமை மிச்சம் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி பத்மினி, இன்னொருத்தி சுமித்ராவின் மாமியார் சென்னம்மா. புரட்டாசிச் சனிக்கிழமை இரண்டு பேருக்கும் ஒருபொழுது. சாயங்காலம் தளிகை போட்டுக் கோவிந்தா சொல்கிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. முதலில் பத்மினியை அளந்தாள், இருபத்திநாலு. தருகுக்கு வேலையில்லை. அப்புறம் மாமியார்.

“எவ்ளோ?” என்றாள் சென்னம்மா.

“பதினொண்ணு, அத்தெ.”

“பதினொண்ணா? சரியா பாருடி.”

“சரியாத்தான் பாத்தேன்.”

“இந்திராணிக்கு முப்பத்திரெண்டாமே! அவ மருமவ ஒழுங்கா சோறு போடுறா. பதினொண்ணுன்னு எழுதி வெச்சியானா மாமியாரப் பட்டினி போடுறான்னு உன்னத்தான் ஊரு பேசும். ஒரு இருவது போடு.”

“அப்பிடியெல்லாம் போட முடியாது அத்தெ.”

“ஒரு பதினஞ்சாச்சும் போடு. இன்னா, உங் அப்பன் ஊட்டுச் சொத்தா போவுது?”

“கிடுக்கி பதினொண்ணுன்னா பதினொண்ணுதான்.”

சென்னம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாயங்காலம் பூஜை முடிந்ததும் பொங்கலும் வடையுமாக மூன்று ஆள் சாப்பாடு சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டபடியே வந்து இடுப்பைக் காட்டி, “இப்போ அளடி,” என்றாள். சுமித்ரா மாட்டேன் என்று ஓடிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு லீனா மேடத்தின் சின்னக் கார் சேற்றில் உறுமிக்கொண்டு வந்து நின்றது. ஆராதனைக்குக் கட்டிய வெள்ளைப் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி இறங்கினார். ஆபீசர் மாதிரி யாரைக் கண்டாலும் சிரஞ்சீவிக்குத் தெலுங்குதான் வாயில் வரும்.

“ரண்டி மேடம், ரண்டி. கூர்ச்சோண்டி,” என்று வரவேற்று உட்காரச் சொன்னான்.

“தமிழ்லயே பேசுப்பா. நானும் இந்த ஜில்லாக்காரிதான்,” என்றார் மேடம்.

அவித்த மல்லாட்டையை ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். அதைத் தொடாமல் நேரே உள்ளே போனார். பத்துப் பேரும் வரிசையாக உள்ளே போய் வந்தார்கள். மேடம் அளந்து தனியாக ஒரு தாளில் எழுதினார். முடிந்ததும் தார்ப்பாயின் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, சுமித்ராவின் நோட்டை வாங்கித் தன் தாளோடு வைத்துப் பார்த்தார். பெண்கள் காய் ஆய்கிற மாதிரி பாவனை செய்தார்கள். ஒரு காயும் கூடையில் விழவில்லை.

“கை சரியா இருக்கு. தொடை சரியா இருக்கு,” என்றார் மேடம். “ஒரு மில்லிக்கு மேல எங்கயும் தப்பல. ஐயோ சுமித்ரா, இப்படி ஒரு கைய நான் பாத்ததே இல்ல.”

சுமித்ராவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆனால் மேடத்தின் விரல் நோட்டில் கீழே கீழே இறங்கி, ஐந்தாம் பேரில் நின்றது. முகம் இறுகியது. நோட்டை மூடினார்.

“இடுப்பு மட்டும் எல்லாத்துலயும் மூணு கம்மி. கை தவறினா ஒரு எடத்துல கூடும், ஒரு எடத்துல கொறையும். இது கை தவறினது இல்ல. நீயா கொறச்சி எழுதியிருக்கே. இவங்க சந்தோசப்படட்டும்னா?”

“மேடம், இல்ல மேடம்…”

“ஆளுங்ககிட்ட நீ இனிக்க இனிக்கப் பேசு, வேணாம்னு சொல்லல. நம்பர்ல இனிப்பு கலக்கக் கூடாது. அதுக்கு இந்த வேல கெடையாது.”

சுமித்ராவின் கண்ணெதிரே வேலை கைநழுவிப் போகிறது. அந்த நேரத்தில்தான் இந்திராணி மடியிலிருந்த மல்லாட்டைத் தோலையெல்லாம் உதறிக்கொண்டு எழுந்தாள்.

“இன்னாது, மூணு கொறச்சிட்டாளா? எனக்கு எவ்ளோ போட்டிருக்கா?”

“இருபத்தொம்போது,” என்றார் மேடம்.

“அடிப் பாவி! எங் கண்ணால முப்பத்திரெண்டு பாத்தேனே! எம் மூணு எங்கடி?”

“எனக்கும் கொறச்சிட்டியா?” என்று இன்னொருத்தி எழுந்தாள். “அதான் பக்கத்து ஊட்டுக்காரிய விடக் கம்மியா வந்துச்சா?” என்று மூன்றாமவள். தார்ப்பாயின் கீழே ஒரே கூச்சல். லீனா மேடம் திகைத்துப் போனார். அவர் ஜிம்மில் ஒரு மில்லி கூடிவிட்டால் கண்ணீர் விடுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறார். தள்ளின மூன்றைத் திருப்பிக் கொடு என்று சண்டைக்கு நிற்கிறவர்களை இப்போதுதான் பார்க்கிறார்.

அந்தக் கூச்சலுக்கு மேலே சுமித்ரா கத்தினாள்.

“தருகு எடுத்தேன் மேடம்! சந்தையில தண்ணி காட்டின ஆட்டுக்குத் தள்ளுவாங்க இல்ல? இவங்க எல்லாம் பகலெல்லாம் மல்லாட்ட துன்னுக்கினு இருந்தவங்க. வவுறு ரொம்பிக் கெடந்துச்சி. அதான் இடுப்புக்கு மட்டும் மூணு தள்ளினேன். யாரையும் சந்தோசப்படுத்த இல்ல மேடம், சாமி சத்தியமா.”

சிரஞ்சீவி தலையில் செடிக்கட்டோடு அப்போதுதான் கொல்லையிலிருந்து வந்து நின்றான். “மூணுதான் எடுத்தியா?” என்றான் மனசார. “இந்திராணிக்கா துன்னதுக்கு அஞ்சு எடுக்கணுமே!”

“மூடுடா வாய!” என்று அவன்மேல் ஒரு கைப்பிடி தோல் பறந்தது.

மேடம் மட்டும் இன்னும் இளகவில்லை. “கொறச்சிட்டு அப்பறம் காரணம் சொல்றது யாருக்கும் ஈசிதான் சுமித்ரா.”

“கடசிப் பக்கத்தப் பாருங்க மேடம். பத்மினிக்காவும் எங் அத்தையும். ரெண்டு பேரும் சனிக்கெழம ஒருபொழுது. வெறும் வவுறு. அவங்களுக்குத் தருகே எடுக்கல.”

மேடம் பக்கத்தைத் திருப்பினார். பத்மினி, இவள் அளந்தது இருபத்திநாலு, அவர் அளந்தது இருபத்திநாலு. சென்னம்மா, பதினொன்று, பதினொன்று.

“பொய் போடுற புத்தி இருந்தா எனக்குப் போட்டிருக்க மாட்டாளா?” என்று கதவோரத்திலிருந்து வெடித்தாள் சென்னம்மா. “நேத்திலேர்ந்து கால்ல வுழாத கொறையா கேக்குறேன் மேடம், ஒரு இருவது போடுன்னு. மாட்டவே மாட்டேன்னுட்டா இந்த ராங்கி! பெத்த தாயி வந்து கேட்டாலும் இவ போட மாட்டா!”

மருமகளைத் திட்டுவதற்கென்று எடுத்த வாய்தான். ஆனால் அதைவிட நல்ல சர்ட்டிபிகேட்டை எந்த ஆபீசர் கொடுத்துவிட முடியும்? லீனா மேடத்தின் உதட்டோரம் அசைந்தது. இந்திராணியைக் கூப்பிட்டு, பொறுக்கமாட்டாமல் அங்கேயே முந்தானையின் மறைவில் இடுப்பைக் கிள்ளித் தூக்கிக் காட்டினார்.

“இங்க பாரு. சாப்பாடு உள்ள வயித்துல இருக்கு. நாம புடிக்கிறது தோலும் அதுக்கு அடியில இருக்குற கொழுப்பும்தான். ஒரு மூட்ட மல்லாட்ட சாப்பிட்டாலும் இந்த மடிப்பு தடிக்காது. தள்ளவே வேண்டியதில்ல.”

சுமித்ரா தன் விரலாலும் ஒரு தரம் தூக்கிப் பார்த்தாள். பளிச்சென்று புரிந்தது. “ஆட்டுக்கு வவுத்தத் தடவிப் பாக்குறோம், எடயில தள்ளுறோம். இது அது இல்ல,” என்றாள் தனக்குத் தானே. பென்சிலை எடுத்தாள். எட்டுப் பேருக்கும் தள்ளின மூன்றைத் திருப்பிச் சேர்த்து எழுதினாள். மேடத்தின் தாளோடு எல்லாமே ஒட்டிப்போனது. ஒவ்வொரு பேருக்கும் மூன்றைத் திருப்பும்போது அந்தந்தப் பெண் “ஆங், அதான!” என்று உட்கார்ந்தாள்.

மேடம் வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “பசிக்குது. என்ன இருக்கு?” என்றார்.

கேழ்வரகுக் களி இருந்தது. மல்லாட்டைச் சட்னி, கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, பூசணிக்காய்ப் பொரியல். சென்னம்மாதான் பரிமாறினாள். மேடம் களியை விரலால் கிள்ளிக் குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குகிற அழகைப் பார்த்து, இவங்க நம்ம பக்கத்து ஆளுதான் என்று பெண்கள் முடிவு கட்டினார்கள். முதல் உருண்டை போனது. இரண்டாவதும் போனது. சுமித்ராவுக்குத்தான் ஒரு வாயும் இறங்கவில்லை.

கை கழுவினதும் மேடம் அவளை உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

“என்னை அள.”

“நானா மேடம்?”

“நீதான். ரோஹிணி போன மாசம் அளந்தா. இடுப்பு இருபத்திரெண்டு.”

சுமித்ரா விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். எலும்பைத் தேடிப் பிடித்து, கிள்ளித் தூக்கி, காலிப்பரைக் கொடுத்தாள். பார்த்தாள். விட்டுவிட்டு மறுபடி தூக்கினாள். மூன்றாம் தரமும் தூக்கினாள். அவளுக்குப் பகீரென்றது. வேலை கொடுக்கிற கை இந்த மேடத்தினுடையது. இருபத்திநாலு, இருபத்தஞ்சு என்று சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? அப்படி ஒரு நினைப்பு வந்தது நிஜம். வந்த வேகத்திலேயே அவளுக்கு அது பிடிக்கவில்லை.

“முப்பத்தொண்ணு, மேடம்.”

“எவ்வளவு?”

“முப்பத்தொண்ணு. மூணு தரம் பாத்தேன்.”

கதவுக்கு வெளியே கூட்டம் காதை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து இந்திராணியின் குரல் கேட்டது. “அப்போ எனக்குத்தான் சாஸ்தி!”

லீனா மேடம் சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “ரெண்டு வருசமா இருபத்திரெண்டு, இருபத்திரெண்டுன்னே எழுதிக்கினு இருந்தாம்மா அந்தப் பொண்ணு! நானும் எட்டலன்னு பாவாட நாடாவத்தான் கொறை சொல்லிக்கினு இருந்தேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நாளைக்கு அந்த மேஜையில நீ வந்து உக்காரு. தொடப்பத்துக்கு வேற ஆளப் பாத்துக்கலாம்.”

சுமித்ராவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வெளியே அவள் புருஷன் யாரையும் கேட்காமல் விசில் அடித்தான்.

“மொத ஆளா என்னத்தான் அளக்கணும், புது நோட்டுல,” என்றார் மேடம்.

“சரிங்க மேடம். ஆனா நாளைக்கும் முப்பத்தொண்ணுதான் இருக்கும்.”